ஊட்டுப்புரையில் கேட்ட ஒரு கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர இருந்து படியுங்கள். பேத்திதான் இந்தக் கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தாள். எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டதை நினைத்துக்கொண்டு நீங்களும் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். "பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கணும் ஆச்சி, 'மணிச்சித்திரத்தாழு' படம் அங்கேதான் எடுத்தாங்களாம்" என்று ஒரே பிடிவாதம். நானும் பணி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு முன்பு எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருடா வருடம் சுற்றுலா கூட்டிப்போவது நம் பள்ளியில் என் பொறுப்பு. உங்களில் பாதிப்பேர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அரண்மனைக்குள் முதல் அடி வைத்திருப்பீர்கள். இட்லியும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு, தக்கலையில் இறங்கி, வெயிலில் கோட்டை வாசல் வரை வரிசையாக நடந்தது ஞாபகம் இருக்கிறதா?

அரண்மனை அப்படியேதான் இருக்கிறது. பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கு, மேலே மரத்தில் செதுக்கிய பூக்கள், கருங்கல் கட்டில், சீனர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி. மாடியில் மந்திரசாலை. அதன் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண அப்பிரகத் தகடுகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஓடை ஓரத்தில் நிற்பதுபோல் இருக்கும். மைசூரைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் "ராஜா வீடு இவ்வளவுதானா?" என்று கேட்பது வழக்கம். எனக்கு இந்த 'இவ்வளவு'தான் பிடிக்கும். தலை குனிந்து நுழைய வேண்டிய நிலைகள், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிகள், நம் ஊர்ப் பெரிய வீடு ஒன்றைப் பத்து மடங்கு பெருக்கியது போன்ற ஓட்டுக் கூரை. தங்கமும் இல்லை, சரவிளக்குப் பகட்டும் இல்லை. பலாவும் தேக்கும் ஆசாரிமார் கையும்தான். தாய்க்கொட்டாரத்து ஏகாந்த மண்டபத்தில் ஒரு பலாமரத் தூண் நிற்கிறதே, அதன் முன்னால் இப்போதும் கால் மணி நேரம் நின்றேன். அதைச் செதுக்கியவர் பெயர் யாருக்கும் தெரியாது. கல்லில் வெட்டப்பட்டதெல்லாம் செதுக்கச் சொன்னவர்கள் பெயர்கள்தான்.

தரையைப் பற்றி நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு எல்லாம் கலந்து தேய்த்துப் போட்டதாகச் சொல்வார்கள். இன்றும் முகம் தெரிகிறது. பேத்தி குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள்.

பிறகு ஊட்டுப்புரைக்கு வந்தோம். நீளமான இரண்டு மாடிக் கூடம். ஒரு மாடிக்கு ஆயிரம் பேர் வீதம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்வார்கள். ஊறுகாய் போட்ட பெரிய பரணிகள் இன்னும் இருக்கின்றன. தினமும் அன்னதானம் நடந்த இடம் என்றதும் பேத்தி கேட்டாள்: "எல்லாருக்குமா?" பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், பாவம், நல்ல மனுஷர், "ஆமா மோளே, ராஜா எல்லாருக்கும் சோறு போட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. காரணம் அந்த மனுஷர் இல்லை. அதே இடத்தில் ஒரு தடவை இதே கேள்வியை இன்னொரு பிள்ளை என்னிடம் கேட்டது. 1991-ம் வருடச் சுற்றுலா. பெயர் சொல்ல மாட்டேன். அவள் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், எதையும் கேட்காமல் விடமாட்டாள். நான் ஆயிரம் பேர் பந்தி என்று பெருமையாகச் சொல்லி முடித்ததும் கேட்டாள்: "டீச்சர், அப்பம் நம்மளயும் இங்க சோறு திங்க விட்டிருப்பாவளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசாம லைன்ல போ பிள்ளே."

பதில் தெரியாமல் அப்படிச் சொல்லவில்லை. எனக்குப் பதில் நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

திருவிதாங்கூரில் ஊட்டுப்புரை என்பது அரசுச் செலவில் பிராமணர்களுக்கு இலவச உணவு கொடுத்த சத்திரம். இங்கே மட்டுமில்லை, சமஸ்தானம் முழுக்க இருந்தன. அதனால்தான் அதற்கு தர்ம பூமி என்று பெயர். சாமுவேல் மட்டீர் என்ற மிஷனரி 1871-ல் இந்த நாட்டைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கே 'தர்ம பூமி' என்ற பொருளில்தான் ஆங்கிலத் தலைப்பு வைத்தார். அந்தப் பந்திக்கு நெல் எங்கிருந்து வந்தது? நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து. அந்த வயலில் இறங்கி உழைத்தவர்களில் பலர் 1855 வரை சட்டப்படி அடிமைகள், நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் பட்டவர்கள். கூலி இல்லாமல் அரசுக்கு வேலை செய்ய வேண்டிய 'ஊழியம்' வேறு, தலைக்கு இவ்வளவு என்று வரி வேறு. நெல்லை விளைவித்தவர்கள் பந்திக்கு அல்ல, அந்த வாசலுக்கே வர முடியாது. சாதிக்குச் சாதி இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது.

எங்கள் குடும்பம் பனையேறிக் குடும்பம். என் உறவினர்களுக்கு இது தெரியும். ஆனால் நம் வீட்டுக் கல்யாண மேடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. என் அம்மாச்சி அதிகம் பேச மாட்டாள். தன்னுடைய ஆச்சி சொன்னதாக ஒன்றே ஒன்று சொல்வாள்: "சந்தைக்குப் போவ பயந்துட்டு இருட்டுல போவோம்." எதற்குப் பயம் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, தோள்சீலைப் போராட்டம் பற்றிப் படித்தபோது புரிந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடார் பெண்கள் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அதை எதிர்த்து 1822 தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு மோதல் நடந்தது. எங்கே? கல்குளம், இரணியல், விளவங்கோடு. கல்குளம் என்பது பத்மநாபபுரத்தின் பழைய பெயர். 1744-ல்தான் மார்த்தாண்ட வர்மா பெயரை மாற்றினார். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1823-ல் தீர்ப்புச் சொன்னது பத்மநாபபுரம் நீதிமன்றம். 1829-ல் அரசு அறிவிப்பு வந்தது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது, ஊழியமும் செய்ய வேண்டும். 1858, 59-ல் பெரிய கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு வால். மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக்கூடாது!

"1859-ல் ராஜா பத்மநாபபுரத்திலா இருந்தார்?" என்று என் பழைய மாணவர் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டும். இல்லைதான். அதற்கு அறுபது வருடங்களுக்கு முன்பே தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஒழுங்கும் முறையும் இந்தக் கூரைக்கு அடியில் இருந்து ஆண்ட காலத்தில் இல்லாமல் பிறகு புதிதாக முளைத்ததில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அரண்மனை வெறும் வீடாக இருந்தவரை அதன் கதையை அதன் சொந்தக்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். அது அருங்காட்சியகம் ஆகி, மக்கள் வரிப்பணத்தில் பராமரிக்கப்பட்டு, நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லாரும் உள்ளே போகும் இடம் ஆன பிறகு, முன்பு உள்ளே போக முடியாதவர்களின் கதையும் அங்கே இருக்க வேண்டும். அதற்காகத் தனிக் கட்டடம் வேண்டாம். ஊட்டுப்புரைச் சுவரில் ஒரு பலகை போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இந்தக் கூடத்தில் அரசுச் செலவில் அன்னம் இடப்பட்டது. உண்டவர்கள் பிராமணர்கள். இதற்கான நெல்லை விளைவித்தவர்களும் இந்த மரங்களைச் சுமந்து வந்தவர்களும் இதற்குள் வர அனுமதி இல்லை."

மூன்று வாக்கியம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போடலாம். 1956 நவம்பர் 1-ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. ஆகவே இந்தக் கோரிக்கையைத் திருவனந்தபுரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. அந்த மரவேலையை இத்தனை காலம் உளுக்காமல் காத்திருக்கிறார்கள். நவராத்திரிக்கு உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறி, கம்பர் பூசித்ததாகச் சொல்லும் சரஸ்வதி யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் புறப்படும்போது இரண்டு மாநிலப் போலீசும் சேர்ந்து மரியாதை செய்கிறார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் நான். அந்த ஊர்வலம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

இதைச் சொன்னால் வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. என் தம்பி சொல்கிறான்: "அக்கா, இப்பம் எல்லாரும் நல்லா இருக்கோம், பழசக் கிளறி என்னத்துக்கு?" தம்பி, நீ நல்லா இருக்கிறாய், சந்தோஷம். உன் பேரன் அந்த ஊட்டுப்புரையில் நின்று 'எங்க ராஜா எல்லாருக்கும் சோறு போட்டார்' என்று செல்ஃபி எடுத்துப் போட்டால், இருட்டில் சந்தைக்குப் போன அந்தக் கிழவி யார் கணக்கில் வருவாள்?

இன்னொருவர், மதிப்புக்குரிய பழைய சக ஆசிரியர், தொலைபேசியில் சொன்னார்: "1936-ல் ஆலயப் பிரவேசம் கொடுத்ததும் இதே ராஜவம்சம்தானே, அதையும் சொல்லுங்க." சொல்கிறேன் ஐயா. அந்த வருடம் நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா போட்ட கையெழுத்து பெரிய காரியம்.  அதையும் பலகையில் போடட்டும். ஆனால் எது முன்பு அடைக்கப்பட்டிருந்தது என்று சொல்லாமல், திறந்துவிட்டதை மட்டும் எப்படிச் சொல்வது? முன்னதைச் சொன்னால்தான் பின்னதற்கே மதிப்பு.

பாடப்புத்தகத்திலும் இதே கதைதான். ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடத்திட்ட வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் வரலாறு பற்றிய பாடத்தில் இந்தப் போராட்டம் இருந்தது. 2016 கடைசியில் அந்தப் பகுதியிலிருந்து தேர்வுக்குக் கேள்வி வராது என்று அறிவித்தார்கள். 2019-ல் அந்தப் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது. பேத்தி படிப்பது அந்தப் பாடத்திட்டத்தில்தான். புத்தகத்தில் இல்லாதபோது, அது நடந்த தாலுகாவில் இருக்கும் அரண்மனையிலாவது இருக்க வேண்டாமா?

அரண்மனைக்குள்ளேயே வேலை பார்த்த ஒருவர் கதையும் உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மாவின் அரசாங்க அலுவலர். 1741 குளச்சல் போருக்குப் பிறகு ராஜாவிடம் படைத்தளபதியாகச் சேர்ந்த டச்சுக்காரர் டி லனாயோடு பழகி, 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து, 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். காரணம் மதமா, நிர்வாகக் குற்றமா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். 2022 மே மாதம் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். டி லனாயின் கல்லறை பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு. நான் பிள்ளைகளை அந்தக் கோட்டைக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். டி லனாய் எப்படி வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று அரை மணி நேரம் சொல்வேன். தேவசகாயம் பெயரை எடுக்க மாட்டேன். வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்களே, எதற்கு வம்பு என்று நினைப்பேன். இன்று யோசித்தால், எல்லா மதப் பிள்ளைகளும் இருந்த வகுப்புதான் அதைப் பேச நல்ல இடம்.

என்னை நானே ரொம்பக் குற்றம் சொல்லிக்கொள்வதாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் சுற்றுலா என்றால் பிள்ளைகளைத் தொலைக்காமல் வீடு சேர்ப்பதே பெரிய வேலை. தலைமையாசிரியர் பின்னால் நிற்கிறார், நாற்பது பிள்ளைகள், மூன்று பேருக்கு வாந்தி. இதெல்லாம் உண்மை. ஆனால் அன்று நான் வாயை அடைத்ததற்கு இவை காரணமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால், 'நம்மள' என்று அவள் சொன்னதில் நானும் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும். புடவை கட்டி, கைக்கடிகாரம் கட்டி, அரசுச் சம்பளம் வாங்குகிற டீச்சர் என்று நின்றவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியது நானில்லை என்று தெரிய இத்தனை வயதாகியிருக்கிறது.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறீர்கள், படங்கள் பார்க்கிறேன். தரையைக் காட்டுங்கள், குதிரை விளக்கைக் காட்டுங்கள், அந்தப் பலாமரத் தூணைத் தவறாமல் காட்டுங்கள். ஊட்டுப்புரையில் எந்தப் பிள்ளையாவது கை தூக்கினால் வரிசையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

பேத்தியிடம் மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து முழுதாகச் சொன்னேன். அம்மாச்சியின் இருட்டுச் சந்தை வரை. முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த அங்கிள் சொன்னப்போ ஏன் ஆச்சி நீங்க பேசல?" என்றாள். அதற்கும் பதில் சொன்னேன்.

இனி அந்த இரட்டைப் பின்னல்காரிக்கு. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறாய் என்று ஒருத்தி சொன்னாள், திருநெல்வேலியில் இருப்பதாக இன்னொருத்தி. உன் கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: விட்டிருக்க மாட்டார்கள் மக்களே. உன்னையும் விட்டிருக்க மாட்டார்கள், என்னையும் விட்டிருக்க மாட்டார்கள். நல்ல கேள்வி கேட்டாய், அதற்கு நான் ஏசியிருக்கக் கூடாது.

ஊருக்கு வந்தால் சொல், சேர்ந்து ஒரு தடவை போவோம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் வா. காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது. மாடிப்படி ஏற எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, நீ கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.